தேய்க்காத பல்

முதல் பல் 'டிக்' என்ற சத்தத்தோடு விட்டுக்கொடுத்தபோது நான் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன்.

ஒரு பல் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் பசைகளைச் சோதிப்பது என் வேலை. மாடியில் டாக்டர்கள் ஒட்டுகிறார்கள். கீழே நான் பிரிக்கிறேன். பிடுங்கிய பற்கள் இரண்டு ஜாடிகளில் தண்ணீருக்குள் கிடக்கும். ஒன்றில் பெரியவர்களின் நிலைப்பற்கள், இன்னொன்றில் குழந்தைகளின் பால்பற்கள். ஒரு பல்லை எடுத்து, வேர்ப்பக்கத்தை பிளாஸ்டிக் கட்டிக்குள் நட்டு, வெளியே தெரியும் முகத்தை ஈர உப்புத்தாளில் தட்டையாகத் தேய்ப்பேன். தேய்த்த இடத்தில் பசை தடவி, மிளகைவிடச் சின்னதான ஒரு வெள்ளைப் பொத்தானை ஒட்டி, நீல விளக்கைக் காட்டி இறுக வைப்பேன். ஒரு நாள் முழுக்க உடல் சூட்டுத் தண்ணீரில் ஊறவிட்டு, மறுநாள் இயந்திரத்தில் பூட்டுவேன். மழுங்கலான ஒரு கத்தி நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற வேகத்தில் இறங்கி, பொத்தானின் தோளில் கை வைத்துத் தள்ளும். எத்தனை கிலோ அழுத்தத்தில் பொத்தான் பிரிந்தது என்று திரையில் எண் விழும்.

அன்று காலை அந்த எண் மூன்றரை. வழக்கமாகப் பதின்மூன்று வரும்.

முந்தின நாள் தேய்க்கும் சக்கரத்துக்குத் தண்ணீர் வரும் குழாய் அடைத்துக்கொண்டது. பசைப்புட்டியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் திறந்தாகிவிட்டது. சும்மா மூடி வைக்க மனம் வரவில்லை. பால்பல் ஜாடியில் முகம் ஓரளவு தட்டையான முன்பற்கள் நாலைந்து இருந்தன. தேய்க்காமலே ஒட்டினால் என்ன ஆகும் பார்ப்போமே என்று மூன்றில் ஒட்டினேன். துணைக்கு இரண்டு நிலைப்பற்களிலும் அப்படியே ஒட்டினேன். வேறு நோக்கம் எதுவும் இல்லை. எனக்கு இந்த மாதிரி ஆசைகள் உண்டு.

இரண்டாவது பால்பல் நாலு கிலோவில் பிரிந்தது. மூன்றாவதில், கட்டியை இயந்திரத்தில் பூட்டும்போதே என் கட்டைவிரல் பட்டுப் பொத்தான் உதிர்ந்தது. தேய்க்காத நிலைப்பற்கள் இரண்டும் பத்துக்கு மேல் தாங்கின.

மூன்றாவது பல்லைக் கையில் வைத்துக்கொண்டு பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பல்லின் முகம் கழுவிவிட்ட பீங்கான் போலப் பளபளத்தது. பசை மொத்தமும் பொத்தானோடு போயிருந்தது. பல்லைப் பசை பிடிக்கவே இல்லை. மூன்று பொத்தான்களும் பல்லின் மேல் சும்மா சாய்ந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன.

அப்போதுதான் என் மகளின் வாய் ஞாபகத்துக்கு வந்தது. கையிலிருந்த பல் கீழே விழுந்தது.

நான் ஏன் அப்படி ஆடிப்போனேன் என்பது புரிய, பசை எப்படிப் பிடிக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல்லின் மேல்பூச்சு, எனாமல், பென்சில்களைக் கட்டாகக் கட்டி நிறுத்தியது போன்றது. அமிலம் தடவினால் அந்தப் பென்சில்களின் தலைகள் சமமில்லாமல் கரைந்து, கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். பசை குழிகளுக்குள் வழிந்து, விளக்கு வெளிச்சத்தில் கல்லாகிறது. வேர் விட்ட மாதிரி. அவ்வளவுதான் சங்கதி. ஆனால் பால்பல்லின் வெளித்தோலில் இந்தப் பென்சில் ஒழுங்கு கிடையாது. சுவரில் வழித்துப் பூசிய சாந்து மாதிரி ஒரு மெல்லிய அடுக்கு. நிலைப்பல்லிலும் அது உண்டு, ஆனால் குறைவு. பழைய முறையில், கடுமையான அமிலத்தைத் தனியாகத் தடவி, கழுவி, உலர்த்தி, அப்புறம் பசை போடுவார்கள். அந்த அமிலம் தோலைத் துளைத்துவிடும். நாங்கள் சோதித்தது புது ரகம். அமிலமும் பசையும் ஒரே புட்டியில். இருபது விநாடி தடவினால் போதும். அதிலிருக்கும் அமிலம் சாது. தேய்த்த பல்லைப் பிடித்துக்கொள்ளும், தேய்க்காத பால்பல்லை நனைத்துவிட்டுப் போய்விடும்.

நான் எப்போதும் தேய்த்துவிட்டுத்தான் சோதித்தேன். எல்லாரும் அப்படித்தான் சோதிப்பார்கள்; கத்திக்குத் தட்டையான இடம் வேண்டும். உயிருள்ள குழந்தையின் வாயில் யாரும் உப்புத்தாள் போடுவதில்லை. நாலு மாதம் முன்னால் இந்தப் பசையின் சோதனை அறிக்கையில் 'இருவகைப் பற்களுக்கும் ஏற்றது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது இந்த வித்தியாசம் என் தலையில் உதிக்கவே இல்லை.

என் கணவரின் தங்கை குழந்தைகள் பல் டாக்டர். தனி மருத்துவமனை வைத்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பசையைப் பற்றி அவளிடம் பெருமை அடித்துக்கொண்டது நான்தான். அவள் தன் வலது கையை விரித்துக் காட்டினாள்.

"என்கிட்ட வர்றதுல பாதி பேரு கடிக்கிற ஜாதி, அண்ணி. இருபது செகண்ட்ல வேலை முடியுதுன்னா இந்த அஞ்சும் எனக்கு மிச்சம்."

அடுத்த வாரமே அந்தப் பசையை வாங்கிவிட்டாள்.

எங்கள் மகளுக்கு எட்டு வயது. வாய் மூடாததால் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். கீழ்வரிசை இடப்பக்கத்தில் அவளுடைய ஒரு பால் கடைவாய்ப்பல் சொத்தையாகி, மூன்று வாரம் முன்னால் அதை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த இடத்தில் பெரிய பல் முளைக்க இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை இடத்தை யாராவது பிடித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னாலிருக்கும் பல் பேருந்து இருக்கையில் நகர்ந்து உட்காருவது போல முன்னால் வந்துவிடும். அதனால் ஒரு சின்னக் கம்பியை இடைவெளியின் குறுக்கே, நாக்குப் பக்கமாக ஒட்டினாள் அத்தை. கம்பியின் பின்முனை, ஆறு வயதில் முளைத்த நிலைப்பல்லில். முன்முனை, ஒரு பால்பல்லில்.

இரண்டு முனைக்கும் அதே பசை. இரண்டும் தேய்க்காத பல்.

முன்முனை விட்டால் கம்பி உடனே விழாது. பின்முனையில் தொங்கும். ஆனால் அப்புறம் ஒவ்வொரு கடியும் அதை நெம்புகோல் மாதிரி நெம்பும். பத்து கிலோ தாங்குகிற பசைகூட ஆயிரம் சின்ன நெம்பலைத் தாங்காது. ஒரு நாள் கம்பி மொத்தமும் கையோடு வந்துவிடும். அரை ஊக்கு நீளம். விழுங்கினால் பெரும்பாலும் வெளியே போய்விடும். மூச்சோடு உள்ளே போனால்?

பள்ளிக்கு போன் செய்தேன். அலுவலகத்தில் ஒரு பெண் எடுத்தார். மூன்றாம் வகுப்பு மைதானத்தில் இருப்பதாகச் சொல்லிவிட்டு, ஏதாவது அவசரமா என்று கேட்டார். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். சொன்னால் யாராவது அவளிடம் ஓடுவார்கள். வாயைத் திற என்று கத்துவார்கள். பயந்த பிள்ளை முதலில் செய்கிற காரியம் மூச்சை உள்ளே இழுப்பது. மூச்சுக்குழலின் மூடி அகலத் திறப்பதும் அப்போதுதான். வீட்டில் ஒரு வேலை, நானே வந்து கூட்டிப்போகிறேன் என்று சொன்னேன். அடுத்து நாத்தனாரின் மருத்துவமனைக்குப் போன் செய்தேன்; டாக்டர் ஒரு குழந்தைக்குப் பல் எடுத்துக்கொண்டிருப்பதாகவும் முடிந்ததும் பேசச் சொல்வதாகவும் சொன்னார்கள்.

டாக்சி பிடித்துப் பள்ளிக்குப் போய்ச் சேர இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் என் நாக்கு என் பற்களைத் தடவிக்கொண்டே இருந்தது.

மைதானத்தின் ஓரத்தில் பிள்ளைகள் தொங்கி விளையாடும் இரும்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதில் முழங்கால்களை மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள் ரேடியோ. பாவாடையைக் காற்சட்டைக்குள் செருகியிருந்தாள். வாய் அகலத் திறந்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஓடவில்லை, கூப்பிடவும் இல்லை. கடைக்குப் போகிறவள் மாதிரி நடந்தேன். அந்தப் பத்துப் பதினைந்து அடி நடை மாதிரி ஒரு நடையை நான் அதுவரை நடந்ததில்லை. பக்கத்தில் போய், அவள் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்து, தூக்கி நிமிர்த்தி இறக்கினேன்.

"நீ எதுக்கு வந்த? எனக்கு இன்னும் ரெண்டு சுத்து இருக்கு."

"அத்தை உன் கம்பியப் பாக்கணுமாம். எனக்கு ஒருவாட்டி காட்டு. மெதுவா தொற."

திறந்தாள். கைபேசியின் விளக்கைப் பிடித்தேன். பின்முனை பல்லோடு பல்லாக இருந்தது. முன்முனைக்கும் பால்பல்லுக்கும் நடுவில் தலைமுடி அளவு ஒரு கறுப்புக் கோடு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாக்கு வந்து தட்டியது. கம்பி எழுந்து உட்கார்ந்தது.

"மூணு நாளா ஆடுது. இப்படித் தட்டினா டிக்கு டிக்குன்னு சத்தம் வரும். கேக்குறியா?"

"வேண்டாம்டா கண்ணு. ஏன் சொல்லல?"

"சொன்னா அத்தை மறுபடியும் வாயத் தொறக்கச் சொல்லும்."

டாக்சியைக் காத்திருக்கச் சொல்லியிருந்தேன். ஏறி உட்கார்ந்ததும் நாத்தனாரின் அழைப்பு வந்தது. மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்: தேய்க்காத மூன்று பற்கள், மூன்றரை கிலோ, ஆடும் கம்பி. கையால் பிடித்து இழுத்து எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"விரல விடாதீங்க, அண்ணி. எச்சில்ல வழுக்கும். வழுக்கினா பின்னாலதான் போகும். தலையக் குனிஞ்சு உக்காரச் சொல்லுங்க, மோவாய் நெஞ்சத் தொடணும். பேசக்கூடாது. சிரிக்கக்கூடாது. இங்க வந்துடுங்க."

ரேடியோவிடம் பேசாதே என்று சொல்வது எவ்வளவு நடக்கிற காரியம் என்று எனக்குத் தெரியும். அவள் பையிலிருந்து ஒரு நோட்டைத் திறந்து மடியில் விரித்து வைத்தேன். இன்று ஒரு விளையாட்டு. வீடு வரும்வரை பேச்சு எல்லாம் எழுத்தில். தலையைத் தூக்குகிறவர் தோற்றவர் என்றேன். அவள் உற்சாகமாகக் குனிந்தாள். பென்சிலை எடுத்து முதல் வரியை எழுதினாள்.

'வீட்டுக்கு இந்த வழி இல்ல.'

அத்தையிடம் போகிறோம், மறந்துவிட்டேன் என்றேன். அடுத்த வரி வந்தது.

'கை ஏன் நடுங்குது.'

ஏ.சி. அதிகம் என்றேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் இறக்கித்தான் இருந்தன. ரேடியோ தன் பக்கத்தில் திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தாள். பார்ப்பதற்காகத் தலையைத் தூக்கினாள். என் கை தானாகப் பாய்ந்து அவள் பின்னந்தலையை அழுத்தியது. கொஞ்சம் முரட்டுத்தனமாகவே அழுத்திவிட்டேன். அவள் உடம்பு விறைத்தது. மூச்சு சட்டென்று ஒரு சின்ன இழுப்பாக உள்ளே போனது.

எதை நினைத்துப் பயந்தேனோ அதை நானே செய்துவிட்டேன்.

கம்பி இன்னும் அங்கேதான் இருந்தது. ஆனால் அவள் தோள்கள் வேகமாக ஏறி இறங்கின. அழப்போகிறாள். அழுகை என்றால் விக்கல், விக்கல் என்றால் இழுப்பு. பொய் சொல்லச் சொல்ல அவளுக்குப் பயம் ஏறுகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஒரு விஷயம் எப்படி நடக்கிறது என்று சொல்வது. என் முகத்தை அவள் முகத்துக்குப் பக்கத்தில் தாழ்த்தினேன். நானும் தரையைப் பார்த்தபடி சொன்னேன்.

"நிஜத்தச் சொல்றேன், கேளு. தொண்டைக்குள்ள ரெண்டு குழாய் இருக்கு. பின்னால இருக்கறது சோத்துக்கு. முன்னால இருக்கறது காத்துக்கு. காத்துக் குழாய்க்கு மேல ஒரு மூடி இருக்கு, நீ முழுங்கும்போது மூடும், மூச்சு இழுக்கும்போது தொறக்கும். உன் கம்பி விழப்போகுது. அது அந்த முன்குழாய்க்குள்ள போயிடக்கூடாது. நீ குனிஞ்சிருந்தா கம்பிக்குப் போறதுக்கு ஒரே ஒரு வழிதான். கீழ. அதுக்குத்தான் குனியச் சொன்னேன். எனக்குப் பயமாத்தான் இருக்கு."

பென்சில் அசையவில்லை. பிறகு எழுதினாள்.

'மூக்கால மூச்சு விட்டா?'

"ரொம்ப நல்லது. மெதுவா."

அவள் உதடுகள் லேசாகப் பிரிந்து, எச்சில் ஒரு நூலாகத் தொங்கியது. மூக்கால் மெதுவாக மூச்சு விட்டாள். நான் எண்ணினேன். மோவாயை இன்னும் அழுத்தி நெஞ்சில் பதித்துக்கொண்டாள். இப்போது நான் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. வண்டி ஒரு சிக்னலைத் தாண்டியது, இரண்டாவதைத் தாண்டியது. மூன்றாவதில் எங்களுக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார்.

ரேடியோ முன்னால் போய் வந்தாள். ஒரு முறை இருமினாள். இன்னொரு முறை, பலமாக.

வாயைப் பார்த்தேன். கம்பி இல்லை.

முன்முனை இல்லை, பின்முனையும் இல்லை. நிலைப்பல்லின் முதுகில் பசை ஒரு சொரசொரத்த திட்டாக மட்டும் இருந்தது. தரையில் காலுக்கடியில் தடவினேன். இருக்கையின் சந்தில் தடவினேன். அவள் கண்கள் என்னையே பார்த்தன, உதடு வெளுத்திருந்தது. அவள் நெஞ்சில் காதை வைத்தேன். காற்று குழலுக்குள் எதிலாவது இடித்தால் விசில் மாதிரிக் கேட்கும். என் இதயச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூச்சு விடு. இன்னொண்ணு. வலிக்குதா? எங்கயாவது குத்துதா?"

தலையை ஆட்டினாள், இல்லை என்று. பிறகு பென்சிலின் கூர்முனையால் நோட்டைத் தொட்டுக் காட்டினாள். இரண்டு பக்கங்கள் சேரும் மடிப்பில், எச்சிலுக்குள் படுத்துக்கிடந்தது கம்பி.

"இப்ப பேசலாமா?" என்றாள்.

அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். டிரைவர் ஒரு தண்ணீர்ப் புட்டியைப் பின்னால் நீட்டினார். அவளுக்குத்தான் என்று நினைத்து வாங்கினேன்; உங்களுக்குத்தாம்மா என்றார்.

நாத்தனார் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. ரேடியோவை நாற்காலியில் உட்காரவைத்து, வாயை ஒருமுறைக்கு இருமுறை பார்த்து, நெஞ்சைக் கேட்டு, அப்புறம்தான் தானும் உட்கார்ந்தாள். கம்பியை விளக்குக்கு அடியில் திருப்பிப் பார்த்தோம். முன்முனையில் பசை முழுசாக, பல்லின் வளைவை அச்செடுத்த மாதிரி வழவழவென்று இருந்தது. பால்பல்லின் மேல் ஒரு துளிகூட இல்லை. பின்முனையில் பசை பாதிக்குப் பாதி உடைந்து, மீதி நிலைப்பல்லிலேயே தங்கியிருந்தது. பிடித்த இடம் உடைந்துதான் பிரியும். பிடிக்காத இடம் அப்படியே கழன்று வரும். கீழ்த்தளத்தில் காலையில் நான் பார்த்த அதே பளபளப்பு.

"பூசறதுக்கு முன்னால அந்தப் பல்ல ஒரு தடவ சொரசொரப்பா ராவியிருந்தா?" என்று கேட்டாள்.

"பிடிச்சிருக்கும். நான் தேய்ச்சுதான் சோதிச்சேன். தேய்ச்சேன்னு அறிக்கையில எழுதல."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு கட்டு நோயாளி அட்டைகளை எடுத்து வந்து, ஒவ்வொன்றாகத் தள்ளி, சிலவற்றைத் தனியே வைத்தாள்.

"இதே மாதிரி கம்பி. இதே பசை. பதினேழு பேரு, அண்ணி."

அப்புறம் அட்டைகளைப் பாதியாகப் பிரித்தோம். என்ன சொல்வது என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். பயமுறுத்தாமல் சொல்ல வேண்டும், ஆனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. முதல் வீட்டில் ஒரு தாத்தா எடுத்தார். பிள்ளை பக்கத்திலேயே இருந்தான், கம்பி ஆடவில்லை, உடனே கூட்டி வருகிறேன் என்றார். இரண்டாவது வீட்டில் அந்தக் கம்பி போன வாரமே கழன்று விழுந்துவிட்டதாம். கழிவறைத் தொட்டியில் கிடந்ததாம். இதற்கெல்லாமா டாக்டரைத் தொந்தரவு செய்வது என்று சும்மா இருந்துவிட்டார்களாம். நாத்தனார் கண்ணை மூடித் திறந்தாள்.

மூன்றாவது எண் நீண்ட நேரம் அடித்தது. ஒரு பெண் எடுத்தார். எழுதிவைத்ததைப் படித்தேன்.

"அவ தூங்குறாளே," என்றார். "காலையில இருந்து லேசாக் காய்ச்சல். மல்லாந்து படுத்துக்கிட்டு வாயத் தொறந்து தூங்குறா. எழுப்பணுமா?"

"எழுப்புங்க. ஆனா திடுக்குன்னு எழுப்பாதீங்க. முதல்ல மெதுவா ஒருக்களிச்சுத் திருப்புங்க. அப்புறம் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. லைட்டப் போட்டு வாயப் பாருங்க. நான் போன வைக்கல."

போனை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. ஒரு மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நாத்தனார் தன் போனைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் சாய்ந்தாள். ரேடியோ நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, கேட்பதற்காகத் தன் காதையும் கொண்டுவந்து ஒட்டினாள். மூன்று பேரும் மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றோம்.

நெடுநேரம் கழித்து, வெகு தூரத்தில், ஒரு சின்னக் குரல் எரிச்சலோடு முனகியது. லைட்டை அணை என்றது.